போல்ஸ் ஜெனீவர் ஒரிஜினல்: டோனிக்கை விடுங்கள், ஐஸில் கலக்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜின் வாங்கக் கடைக்குப் போய், இதுவும் ஜின் வகைதானே என்று எடுத்து வந்து, டோனிக் ஊற்றி எலுமிச்சை பிழிந்து குடிப்பதாக இருந்தால் இந்த பாட்டில் வேண்டாம். காசும் வீண், சரக்கும் வீண். ஆனால் உங்களுக்கு விஸ்கி பிடிக்கும், ஓல்டு ஃபேஷன்ட் என்கிற விஸ்கிக் காக்டெயில் மாதிரி நிதானமாக உறிஞ்சிக் குடிக்கிற ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை என்றால், ஜூனிப்பர் காயின் வாசம் சேர்த்த டச்சுத் தானிய மதுவான இந்த போல்ஸ் ஜெனீவர் ஒரிஜினலைவிட நல்ல துவக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் இருப்பது ராட்டர்டாம் பக்கம். இங்கே 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதுவும் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, பீரும் வைனும் மட்டும்தான். மற்றதற்கெல்லாம் ஸ்லைட்டரை என்கிற மதுக்கடைக்குப் போக வேண்டும். அங்கே ஜெனீவர் வரிசையைப் பார்த்தால் புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றும். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், மண்பாண்ட பாட்டில், யோங்கே என்று ஒன்று, அவ்டே என்று ஒன்று, கோரன்வைன் என்று இன்னொன்று. விலையும் இரண்டு மடங்கு வரை வித்தியாசப்படும். புகைநிறக் கண்ணாடியில் உயரமாக நிற்கும் போல்ஸ் ஒரிஜினல் இவற்றில் விலை கூடிய பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூடுதல் காசு எதற்கு என்பதைச் சொன்னால்தான் இந்த விமர்சனத்துக்கே அர்த்தம், அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனீவரின் உயிர் மவுட்வைன். ரை, சோளம், கோதுமை, முளைவிட்ட பார்லி (அதாவது மால்ட்) போன்ற தானியங்களை அரைத்து, ஊறவைத்து, புளிக்கவைத்து, செம்புக் கொதிகலனில் மூன்று முறை வடிக்கிறார்கள். முதல் வடிப்பில் சுமார் 12 சதவீதம் ஆல்கஹால், இரண்டாவதில் 24 பக்கம், மூன்றாவதில் 46 முதல் 48 வரை. அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த நிறுத்தம்தான் முக்கியம். வோட்காவுக்கும் சாதாரண ஜின்னுக்கும் அடிப்படையான ஸ்பிரிட்டை காலம் ஸ்டில் (column still) என்கிற உயரமான தூண் வடிகலனில் 96 சதவீதம் வரை ஏற்றுவார்கள், அங்கே தானியத்தின் வாசம் எதுவும் மிஞ்சாது, எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்று மோந்து சொல்லவும் முடியாது. மவுட்வைன் அப்படி இல்லை. மூடியைத் திறந்ததும் நன்றாகப் புளித்த மாவுப் பாத்திரத்தின் வாசனை மாதிரி ஒன்று வரும், ஒரு புளிப்பு, ஒரு இனிப்பு, அடியில் தானியம். ஜூனிப்பர் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் அடக்கமாக.

இப்போது பாட்டில்களுக்கு வருவோம். யோங்கே என்றால் மவுட்வைன் அதிகபட்சம் 15 சதவீதம்தான், லிட்டருக்கு 10 கிராம் வரை சர்க்கரை சேர்க்கலாம். அவ்டே என்றால் மவுட்வைன் குறைந்தது 15 சதவீதம், சர்க்கரை 20 கிராம் வரை. கோரன்வைன் என்றால் குறைந்தது 51 சதவீதம் மவுட்வைன். யோங்கே என்றால் புதியது, அவ்டே என்றால் பீப்பாயில் கிடந்து வயதானது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள், அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. அவ்டே பழைய முறை, யோங்கே 20-ஆம் நூற்றாண்டில் வந்த புது முறை, அவ்வளவுதான். காலம் ஸ்டில் வந்து மலிவான நடுநிலை ஸ்பிரிட் கிடைக்க ஆரம்பித்ததும், முதல் உலகப் போர்க் காலத்தில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் சேர்ந்து மவுட்வைனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. மக்களும் அந்த லேசான ருசிக்குப் பழகிப் போனார்கள்.

போல்ஸ் ஒரிஜினல் 1820-ஆம் ஆண்டுச் செய்முறையை ஒட்டியது என்று கம்பெனி சொல்கிறது. மவுட்வைன் பாதிக்கு மேல், ஆல்கஹால் 42 சதவீதம். 2008-ல் இதை இந்த வடிவில் கொண்டுவந்தபோது முதலில் விற்பனைக்கு அனுப்பியது அமெரிக்காவுக்கு. அது யோசித்துச் செய்த காரியம் என்றே நினைக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க பார்களில் ஜின் என்று கேட்டால் பெரும்பாலும் ஊற்றியது ஹாலந்திலிருந்து கப்பலில் வந்த இந்த மாதிரிச் சரக்கைத்தான், லண்டன் டிரை ஜின் அங்கே பிரபலமானது பிறகு. அந்தக் காலத்துக் காக்டெயில் குறிப்புகளில் ஜின் என்று இருக்கும் இடத்தில் இப்போதைய லண்டன் டிரையை ஊற்றினால் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணமும் இதுதான். 2008-ல் காக்டெயில் பழமையைத் தோண்டிக்கொண்டிருந்த பார்டெண்டர்களுக்குத் தேவைப்பட்டது சரியாக இந்த பாட்டில்.

அதே 2008-ல் ஐரோப்பிய யூனியன் ஜெனீவர் என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் கொடுத்தது. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸின் வடக்கே இரண்டு மாவட்டங்கள், ஜெர்மனியின் இரண்டு மாநிலங்கள், இவற்றுக்கு வெளியே செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது.

சரி, குடிப்பதற்கு வருவோம். காக்டெயிலில் இறங்கும் முன் இதைத் தனியாக ஒரு சின்னக் கிளாஸில், ஐஸ் இல்லாமல், அறை வெப்பத்தில் ருசித்துப் பாருங்கள். இங்கே பலர் ஜெனீவர் பாட்டிலை ஃப்ரீசரில் போட்டு வைப்பார்கள். யோங்கேவுக்கு அது சரி, குளிரில் அதன் காரம் மறையும். இதற்கு வேண்டாம், குளிர்ந்தால் தானியம் வாயை மூடிக்கொள்ளும். அறை வெப்பத்தில் முதலில் மால்ட், பிறகு ரொட்டியின் மேல்தோல், பிறகு சோம்பும் கிராம்பும் கலந்த ஒரு மெல்லிய சூடு, கடைசியில் ஜூனிப்பரின் பசுமை. நாக்கில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை மாதிரி ஒரு கனம் இருக்கும். அந்தக் கனத்துக்காகத்தான் இதைக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது என்று பிறகு சொல்லப் போகிறேன், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டச்சுக்காரர்கள் தாங்களாக இதை எப்படிக் குடித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்கிற காக்டெயிலே அதிலிருந்துதான் கிளம்புகிறது. ஆம்ஸ்டர்டாமில் டாம் சதுக்கத்துக்குப் பின்னால் பைல்ஸ்டேக் என்ற சந்தில் வைனண்ட் ஃபோக்கிங்க் என்று ஒரு ருசிக்கூடம் இருக்கிறது, 1679-லிருந்து வருகிற பெயர். ப்ரூஃப்லோக்கால் என்பார்கள், வடிசாலையோடு ஒட்டிய ருசி பார்க்கும் இடம். நீண்ட தண்டு வைத்த சின்ன டியூலிப் கிளாஸை விளிம்பு தாண்டி மேடு கட்டும் அளவுக்கு நிரப்பித் தருவார்கள். கையால் எடுத்தால் சிந்தும். அதனால் முதல் வாயைக் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உறிஞ்ச வேண்டும். சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூக்கு நேராகக் கிளாஸுக்கு மேல் போவதால் வாசனைதான் முதலில் ஏறுகிறது, பிறகுதான் ருசி. நல்ல மவுட்வைன் சரக்கை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல வழி இருக்க முடியாது. ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் ஒருமுறை போய் நின்றுவிட்டு வாருங்கள். உட்கார இடம் தேடாதீர்கள், நின்றுதான் குடிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு பீரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் குடிப்பது இன்னொரு வழக்கம், கோப்ஸ்டோட்யே என்பார்கள். அது அவரவர் உடம்பைப் பொறுத்தது, எனக்கு ஒத்துவராது. எனக்குப் பிடித்தது வேறு இரண்டு பழைய வழக்கங்கள். ஒன்று, ஜெனீவரில் சர்க்கரை போட்டுச் சின்னக் கரண்டியால் கலக்கிக் குடிப்பது. வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். இன்னொன்று, கசப்பு மூலிகைச் சாறு சேர்த்துச் சாப்பாட்டுக்கு முன் குடிப்பது. இந்த இரண்டையும் ஒரே கிளாஸில் சேர்த்துப் பாருங்கள்: சரக்கு, சர்க்கரை, கசப்பு. 1806-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் ஒரு பத்திரிகை காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகருக்குப் பதில் எழுதியது. ஏதாவது ஒரு மதுபானம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்கிற கசப்பு மூலிகைச் சாறு என்பதுதான் அந்தப் பதில். தண்ணீர் ஒன்றுதான் மிச்சம், அதை ஐஸ் தருகிறது. டச்சுப் பாட்டியின் கிளாஸுக்கும் அமெரிக்க பாருக்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம்.

அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் 1862-ல் வெளியிட்ட கையேட்டில் ஜின் காக்டெயிலுக்குச் சர்க்கரைப் பாகு, பிட்டர்ஸ், ஓரிரண்டு சொட்டு க்யூராசாவ், எலுமிச்சைத் தோல் என்று போகிறது. 1876 பதிப்பில் மேம்படுத்திய காக்டெயில்கள் என்று ஒரு வரிசை வந்தது. அதில் க்யூராசாவ் போய் மராஸ்கினோ என்கிற செர்ரி மதுவும் அப்சிந்த் என்கிற சோம்பு வாச மது ஒரு சொட்டும் வந்தன. இப்போது நல்ல பார்களில் இம்ப்ரூவ்டு ஹாலந்து ஜின் காக்டெயில் என்று கேட்டால் கிடைப்பது இந்த இரண்டாவது வகை. அதுவும் அருமையானதுதான், ஆனால் எனக்கு முதலாவதே பிடித்தது. க்யூராசாவ் டச்சு ஆட்சியில் இருந்த தீவின் கசப்பு நாரத்தையிலிருந்து பிறந்த மது, ஜெனீவரோடு அது சொந்த ஊர்க்காரன் மாதிரிச் சேருகிறது. மராஸ்கினோ அருகில் வந்தால் மால்ட் வாசனை கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது.

இனி செய்முறை. எண் போட்டு வரிசையாக எழுதப் போவதில்லை, ஏனென்றால் இதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

ஜெனீவர் 60 மில்லி, நம்ம ஊர்க் கணக்கில் ஒரு லார்ஜ். சர்க்கரைப் பாகு 5 மில்லி, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டியாகக் காய்ச்சியது. அதற்கு மேல் போகாதீர்கள். ஓல்டு ஃபேஷன்டுக்குப் போடும் அளவைப் பழக்கதோஷத்தில் இதற்கும் போட்டுவிடுகிறார்கள். மவுட்வைனுக்கு இயல்பாகவே ஓர் இனிப்புத் தோற்றம் உண்டு, பாகு கூடினால் முழுதும் பாயசமாகிவிடும். ட்ரை வகை ஆரஞ்சு க்யூராசாவ் 5 மில்லி. நீல நிறத்தில் விற்கும் க்யூராசாவ் வேண்டவே வேண்டாம், இனிப்பும் சாயமும்தான் அதில் முன்னால் நிற்கும். அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு உதறல். கடைசியில் எலுமிச்சைத் தோல் ஒரு பட்டை, வெள்ளைப் பகுதி இல்லாமல் மெல்லியதாகச் சீவியது. ஆரஞ்சுத் தோல் போடலாமா என்று கேட்பார்கள். க்யூராசாவில் ஏற்கெனவே ஆரஞ்சு இருக்கிறது, எலுமிச்சைத் தோலின் கூர்மைதான் இங்கே தேவை. சாறு ஒரு சொட்டும் வேண்டாம்.

இப்போது கலக்குவது. இந்தக் காக்டெயிலின் பாதி வேலை ஐஸில் இருக்கிறது, அதனால் இதில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். கடையில் பையில் விற்கும் ஐஸ் வீடு வந்து சேர்வதற்குள் ஈரமாகிவிடும். மேலே ஒட்டிய தண்ணீர் கிளாஸில் விழுந்த உடனே கலந்து, குளிர்வதற்கு முன்பே சரக்கை நீர்த்துப்போகச் செய்துவிடும். சிலிக்கான் அச்சில் வீட்டில் உறையவைத்த பெரிய கட்டிகளை, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, மேலே ஈரம் இல்லாமல் பயன்படுத்துங்கள். கலக்கும் கிளாஸில் முக்கால்வாசி வரை ஐஸ் நிரம்ப வேண்டும், ஐஸ் குறைந்தால் அது சீக்கிரம் உருகும், நிறைந்தால் மெதுவாக உருகும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும், செய்து பார்த்தால் புரியும். நீண்ட கரண்டியின் முதுகு கிளாஸின் உட்சுவரை ஒட்டியபடியே சுற்ற வேண்டும், ஐஸ் மொத்தமாக ஒரே கட்டாகச் சுழல வேண்டும், கடகடவென்று சத்தம் வந்தால் கட்டிகள் மோதி உடைகின்றன என்று அர்த்தம். சுமார் 30 விநாடி. வெளியே கண்ணாடி பனிபூத்துக் கை சில்லிட்டால் ஏறக்குறைய வந்துவிட்டது, ஒரு சின்னக் கரண்டி எடுத்து ருசித்து, இன்னும் ஆல்கஹால் மூக்கைக் குத்தினால் மட்டும் ஐந்து பத்து விநாடி சேர்த்துக் கலக்குங்கள்.

நல்லபடியாகக் கலக்கினால் ஐஸிலிருந்து சுமார் 20 மில்லி தண்ணீர் சேரும். மொத்தம் 90 மில்லி வரும், ஆல்கஹால் 30 சதவீதத்துக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும். இந்த இடம்தான் ஜெனீவருக்குச் சொர்க்கம். காரம் அடங்கி, தானியம் திறந்து, அந்த எண்ணெய்ப்பசைக் கனம் குளிரில் இன்னும் பட்டாகி நாக்கில் படரும். குலுக்கினால் என்ன ஆகும்? காற்று உள்ளே போய் நுரை கட்டும், ஐஸ் சில்லுகள் உடைந்து மேலே மிதக்கும், பானம் கலங்கலாகும், அந்தப் பட்டு போன இடம் தெரியாது. எலுமிச்சைச் சாறோ முட்டையோ சேரும் பானங்களுக்குக் குலுக்கல் தேவை, அங்கே காற்றுதான் வேலை செய்கிறது. இங்கே எல்லாமே தெளிவான திரவம், கலப்பதற்கு வலு தேவையில்லை. ராட்டர்டாமில் ஒரு பாரில் இதைக் கேட்டபோது சுறுசுறுப்பான ஓர் இளைஞர் தோள் வலிக்கக் குலுக்கி, லைம் சாறும் பிழிந்து கொடுத்தார். ஒரு வாய்க்கு மேல் போகவில்லை, நல்ல சரக்கு கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

வடிகட்டி, ஃப்ரீசரில் வைத்த சின்னத் தண்டுக் கிளாஸில் ஊற்றுங்கள். கிளாஸ் சின்னதாக இருப்பது நல்லது, பெரிய மார்டினி கிளாஸில் 90 மில்லி பாவமாகத் தெரியும், சீக்கிரம் சூடும் ஏறும். எலுமிச்சைத் தோலைப் பானத்துக்கு மேலே பிடித்து, மஞ்சள் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி மடித்துப் பிதுக்குங்கள், எண்ணெய் மெல்லிய படலமாக மேலே விழும். தோலை உள்ளே போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், நான் போடுவதில்லை, நேரம் ஆக ஆகக் கசப்பு இறங்கும்.

ருசியைச் சொல்கிறேன். முதல் வாயில் எலுமிச்சை எண்ணெயும் க்யூராசாவும், உடனே பின்னால் மால்ட். நடுவில் பிட்டர்ஸின் கிராம்பும் பட்டையும் ஜெனீவரின் சொந்த மசாலாவோடு சேர்ந்து எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடும். கடைசியில் ரொட்டியும் ஜூனிப்பரும் வெகுநேரம் நிற்கும். விஸ்கிக் காக்டெயிலின் கனம் இருக்கிறது, ஆனால் மரப்பீப்பாயின் வனிலா இல்லை. ஜின்னின் மூலிகை இருக்கிறது, ஆனால் அந்தக் குத்தல் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் இருப்பதே நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

பிட்டர்ஸை இன்னும் டச்சுத்தனமாக்க ஒரு வழி இருக்கிறது, இது என் சொந்த விருப்பம். அங்கோஸ்துராவை விட்டுவிட்டு பேரன்பர்க் 10 மில்லி சேருங்கள், பாகைப் பாதியாகக் குறையுங்கள். பேரன்பர்க் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் குடிக்கும் மூலிகை மது, அதிமதுரம், ஜென்ஷியன் வேர், லாரல் இலை எல்லாம் ஊறியது, சுமார் 30 சதவீதம் ஆல்கஹால். அந்த மூலிகைக் கலவையைப் பிரபலமாக்கியது ஆம்ஸ்டர்டாமின் மசாலா வியாபாரி ஹென்ட்ரிக் பேரன்பர்க், 18-ஆம் நூற்றாண்டில். ஸ்னேக் ஊரின் வெதுவே யோஸ்ட்ரா 1864-லிருந்து செய்கிறார்கள், அதுதான் என் வீட்டில் இருப்பது. இதைச் சேர்த்தால் நிறம் கொஞ்சம் பழுப்பாகும், கசாயத்தின் சாயல் வரும், கசாயம் பிடிக்காதவர்கள் அங்கோஸ்துராவோடு நின்றுகொள்ளலாம். எனக்கு மழைக்கால இரவுகளில் இந்த இரண்டாவது வடிவம்தான்.

ஆம்ஸ்டர்டாமில் மசாலா எப்படி இவ்வளவு புழங்கியது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. லூக்கஸ் போல்ஸ், அதாவது 1652-ல் பிறந்த, இந்த பாட்டிலில் பெயர் தாங்கி நிற்கும் அந்த மனிதர், அந்தக் கம்பெனியில் பங்குதாரராக இருந்தவர். கிராம்பும் ஜாதிக்காயும் அவர் வடிசாலைக்கு வந்த வழி அது. அந்தக் கிராம்புக்கு இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுக்காரர்கள் கொடுத்த விலை மிகக் கொடியது, மசாலா வாசத்தைப் புகழ்ந்து எழுதும்போது அதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மற்ற பாட்டில்களில் இதே காக்டெயில் எப்படி வரும் என்று கேட்பீர்கள். யோங்கேயில் செய்யாதீர்கள். அதில் தானியம் மிகக் குறைவு, ஆல்கஹாலும் பெரும்பாலும் 35 சதவீதம், ஐஸ் தண்ணீர் சேர்ந்ததும் 25 பக்கம் இறங்கிவிடும், பாகும் க்யூராசாவும்தான் வாயில் நிற்கும். அவ்டேயில் செய்யலாம், பணம் குறைவாகச் செலவழிக்க நினைப்பவர்களுக்கு அதுதான் என் யோசனை, ஆனால் அதுவும் பெரும்பாலும் 35 சதவீதம் என்பதால் கலக்கும் நேரத்தை 20 விநாடியாகக் குறையுங்கள், பாகை 3 மில்லியாக்குங்கள். சர்க்கரை ஏற்கெனவே லிட்டருக்கு 20 கிராம் வரை இருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா, 60 மில்லியில் அது ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். 5 மில்லி பாகில் இருப்பது நான்கு கிராம் சொச்சம்தான், அதனால் அந்த ஒரு கிராமும் கணக்கில் வரத்தான் செய்யும்.

பார்லே நாசாவ் ஊரில் இருக்கும் ஸாய்டாம் வடிசாலையின் ஓக் பீப்பாயில் ஐந்து வருஷம் வைத்த அவ்டே கிடைத்தால் அதைக் காக்டெயிலில் ஊற்றாதீர்கள், தனியாகக் குடியுங்கள், அது அதற்கானது. போல்ஸிலேயே ஓக்கில் 18 மாதம் வைத்த பேரல் ஏஜ்டு வகை ஒன்று மண்பாண்ட பாட்டிலில் வருகிறது. அதில் இந்தக் காக்டெயில் செய்தால் ஓல்டு ஃபேஷன்டுக்கு மிக அருகில் போய் நிற்கும், க்யூராசாவை நிறுத்திவிட்டு பாகும் பிட்டர்ஸும் மட்டும் போதும். நல்லதுதான், ஆனால் ஒரிஜினலில் இருக்கும் அந்தப் பச்சைத் தானிய வாசம் மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. மவுட்வைன் மட்டுமே எப்படி இருக்கும் என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் ஸ்கீடாம் ஜெனீவர் மியூசியத்துக்குப் போக வேண்டும், ராட்டர்டாமிலிருந்து மெட்ரோவில் போய்விடலாம். அங்கேயே பழைய முறையில் ஓல்டு ஸ்கீடாம் என்று முழுக்க மவுட்வைனில் ஒரு சரக்கு வடிக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அந்தச் சின்ன ஊரில் நூற்றுக்கணக்கான வடிசாலைகள் எரிந்துகொண்டிருந்தன, கரிப்புகையில் ஊரே கறுத்துக் கிடந்தது. மால்ட் அரைப்பதற்காகக் கட்டிய காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன, கட்டடங்களுக்கு மேலே காற்றைப் பிடிக்க வேண்டியிருந்ததால் உயரம் கூடிக்கொண்டே போய், டெ நோர்ட் என்கிற ஆலை 33 மீட்டருக்கு மேல் நிற்கிறது. பாரம்பரியக் காற்றாலைகளில் உலகிலேயே உயரமானவை இவைதான். அந்த உயரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிறகு ஒரு கிளாஸ் குடித்துப் பாருங்கள், எவ்வளவு தானியம் இந்த ஊருக்குள் வந்துபோயிருக்கும் என்று உறைக்கும்.

பக்கத்தில் என்ன சாப்பிடலாம்? பிட்டர்பாலன் வழக்கமான ஜோடி, இறைச்சிக் குழம்பைக் கெட்டியாக்கி உருட்டிப் பொரித்தது, கடுகு சாஸோடு. உள்ளே எரிமலை மாதிரிக் கொதிக்கும், கொஞ்சம் ஆறவிட்டுக் கடியுங்கள். இந்தக் காக்டெயிலோடு எனக்கு அதைவிடப் பழைய கௌடா சீஸ் பிடிக்கும், சின்னப் படிகங்கள் நறநறவென்று கடிபடும் அளவுக்கு முதிர்ந்தது. சீஸின் உப்பும் மால்ட்டின் இனிப்பும் ஒன்றை ஒன்று தூக்கிப் பிடிக்கும். காரமான முறுக்கு, மிக்ஸர் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று, மிளகாய்க் காரம் ஜெனீவரின் மென்மையை அடித்துவிடுகிறது. வறுத்த முந்திரியில் மிளகு தூவியது மட்டும் பொருந்தியது.

குறை என்று சொல்வதானால், ஜூனிப்பர் வாசத்துக்காகவே குடிக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், அது இந்தச் சரக்கின் குணம், மாற்ற முடியாது. முதல் கிளாஸில் பலர் முகம் சுளிப்பதும் உண்டு. என் மனைவிக்கு முதலில் மாவு வாசனை என்றுதான் பட்டது, கலக்கிக் கொடுத்த பிறகே பிடித்தது. அதனால் விருந்தாளிக்கு முதல்முறை தனியாக ஊற்றிக் கொடுக்காமல் காக்டெயிலாகவே கொடுங்கள், தனியாகக் குடிப்பதற்கு அவர்களே பிறகு வருவார்கள்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடையில் யோங்கேயும் ஒரிஜினலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் போல்ஸ் என்றுதான் போட்டிருக்கும், அவசரத்தில் மாறிவிடும். 42 என்கிற எண்ணைப் பார்த்து எடுங்கள். திறந்த பாட்டிலை வெயில் படாமல் நிறுத்தி வைத்தால் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. பாகு மட்டும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.